இந்தப் பூனையும் பால் குடிக்குமா

"இந்தப் பூனையும் பால் குடிக்குமா" என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது நாம் உண்மையில் எதையும் கேட்பதில்லை. குடிக்கும், யாரும் பார்க்காதபோது குடிக்கும், குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும் என்று தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறோம். யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதையும் கவனியுங்கள். வாயாடியைப் பார்த்து யாரும் இதைச் சொல்வதில்லை. கூட்டத்தில் ஓரமாக நிற்பவர், கேட்டால் மட்டும் பதில் சொல்பவர், டீ பிரேக்கில் தனியாகக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், இவர்களுக்காகவே செய்துவைத்த பழமொழி அது.

அதிகம் பேசாதவருக்குத் தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. கல்லுளிமங்கன், ஊமைக்கோட்டான், அமுக்குளி, அழுத்தக்காரி, உம்மணாமூஞ்சி. போதாக்குறைக்கு "ஊமை ஊரைக் கெடுக்கும்" வேறு. எல்லாவற்றிலும் ஒரே சந்தேகம்தான்: உள்ளே எதையோ ஒளித்துவைத்திருக்கிறான். நல்ல அர்த்தத்தில் தேடிப் பார்த்தால் "அடக்கமான பொண்ணு" கிடைக்கிறது. அது பெண் பார்க்க வருகிறவர்களின் சொல், அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. "இன்ட்ரோவெர்ட்" என்ற இங்கிலீஷ் சொல்லை இன்றைய பிள்ளைகள் இவ்வளவு ஆசையாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். திட்டாகத் தொனிக்காத ஒரு பெயர் முதல்முறையாகக் கிடைத்தது. கூடவே பூனைப் படமும் வந்து ஒட்டிக்கொண்டது.

நான் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் சில வருஷங்கள் இருந்தவன். வருஷாந்திர மதிப்பீட்டில் "வேலை ஓகே, கம்யூனிகேஷன் வீக்" என்பது எனக்குப் பழகிப்போன வரி. அப்போது ஆறுதலுக்காக இரண்டு வகைப் புத்தகங்களை மாற்றி மாற்றிப் படித்தேன். ஒன்று பூனைகளைப் புரிந்துகொள்வது பற்றியவை, இன்னொன்று பேசாத மனிதர்களைப் புரிந்துகொள்வது பற்றியவை. படிக்கப் படிக்க இரண்டும் ஒரே கதையைச் சொல்வதாகத் தோன்றியது. அந்தக் கதையின் பழைய அத்தியாயங்கள் நான் பஸ் ஏறுகிற இடத்தைச் சுற்றியே கிடந்தன என்பது பிற்பாடுதான் உறைத்தது.

ஒரகடம் சந்திப்பில் நின்றால் நாலு திசைக்கும் ரோடு பிரியும். வடக்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். மேற்கே வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம். கிழக்கே வண்டலூர். தென்கிழக்கே சிங்கப்பெருமாள் கோயில், அங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று போய்க் கடலைத் தொட்டால் மாமல்லபுரம்.

முதல் பூனை அங்கேதான் இருக்கிறது. அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கும் காட்சி என்றும் இரண்டு கட்சியாக வாதாடப்படும் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தில், யானைகளுக்குப் பக்கத்தில், ஒரு பூனை பின்னங்காலில் நிமிர்ந்து நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கியிருக்கிறது. மேலே ஒற்றைக்காலில் நிற்கும் தவசியின் அதே கோலம். சுற்றிலும் எலிகள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பியின் நகைச்சுவை என்று வழிகாட்டிகள் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்: போலிச் சாமியார், எலிகள் நம்பிக் கிட்டே வரும், ஒவ்வொன்றாகத் தின்னும்.

கதை மகாபாரதத்தில் இருக்கிறது, உத்யோக பருவத்தில். யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதை வழிகாட்டிகள் விட்டுவிடுவார்கள். போருக்கு முன்னால் துரியோதனன், சகுனியின் மகன் உலூகனைப் பாண்டவர்களிடம் தூது அனுப்புகிறான். போய்ச் சொல்லச் சொல்கிற வசைகளில் ஒன்றுதான் இந்தப் பூனைக் கதை. கங்கைக் கரையில் கையைத் தூக்கிக்கொண்டு தவம் செய்வதாக நடித்து எலிகளைத் தின்ற பூனை. தர்மா, நீதான் அந்தப் பூனை, உன் நிதானமும் பொறுமையும் வேஷம் என்கிறான். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு பேசாமல் இருந்த ஒருவனைப் பார்த்து, எதையுமே பொறுக்காத ஒருவன் சொன்ன அர்த்தம் அது. தர்மனிடம் குறை இல்லாமல் இல்லை. ஆனால் ஒருவனுடைய மௌனத்துக்கு உரை எழுத துரியோதனனைத் தேர்ந்தெடுத்தால் எப்படி உரை வரும்? பஞ்சதந்திரத்திலும் முயலும் கௌதாரியும் நியாயம் கேட்டுப் போகிற பூனை இதே ஜாதிதான். கண்ணை மூடிக்கொண்டு தர்மம் பேசி, கிட்டே வந்ததும் இரண்டையும் முடித்துவிடுகிறது. தனியாக, அமைதியாக, கண்ணை மூடி இருந்தால் அது வேஷம். இந்தியக் கதை மரபு பூனைக்கு எழுதிய குற்றப்பத்திரிகை இவ்வளவுதான்.

சங்கப் பாடல்களில் இந்தக் குற்றச்சாட்டு எனக்குத் தட்டுப்படவில்லை. அங்கே பூனைக்கு வெருகு என்று பெயர். குறுந்தொகை 107ஆம் பாட்டில், காதலனோடு இருக்கும் இரவைக் கூவிக் கலைத்த சேவலை ஒருத்தி சபிக்கிறாள்: நடுச்சாமத்தில் வீட்டெலிக்காகக் காத்திருக்கும் வெருகுக் குட்டிக்கு நீ இரையாகப் போ. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 139இல் மாலை நேரத்து வெருகைக் கண்டு பயந்த கோழி குஞ்சுகளைக் கூப்பிட்டு அலறுகிறது. வெருகு காத்திருக்கும், பார்க்கும், பாயும். இந்தப் பாட்டுகளில் அது வேஷம் போடுவதில்லை, பசித்திருக்கிறது. கவிஞர்கள் அதை மிருகமாகவே விட்டுவைத்தார்கள். தொல்காப்பிய மரபியலும் கீரி, எலி, அணிலோடு சேர்த்து வெருகின் பிள்ளைக்குக் 'குட்டி' என்ற பெயரைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. இன்றைக்கும் பூனைக்குட்டிதான்.

கம்பனிடம் வரும்போது பூனை பாலிடம் போய்ச் சேர்கிறது. அவையடக்கத்தில், ராமகதையைச் சொல்லப் புகுந்த தன்னை, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்டு இறங்கிய பூனைக்கு ஒப்பிடுகிறான். திருட்டு, ஒளிவுமறைவு எதுவும் இதில் கிடையாது. பேராசைதான், அதையும் எல்லார் முன்னாலும் தானே ஒப்புக்கொள்கிற பேராசை. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றால், குடிக்கும், கடலையே குடிக்கும் என்று பதில் சொன்ன ஒரே தமிழ்ப் பூனை இதுதான்.

இப்போது வடக்கு ரோடு. ஸ்ரீபெரும்புதூர் என்றதும் என் வயசுக்காரர்களுக்கு 1991 மே 21 ராத்திரி ஞாபகம் வரும், உங்கள் வயசுக்காரர்களுக்கு ஐபோன். அதற்கு வெகு முன்னால் அது ராமானுஜர் பிறந்த ஊர், மரபுக் கணக்குப்படி 1017. பேசாமல் இருக்கச் சொன்னபோது பேசியவர் என்பதுதான் அவரைப் பற்றிய மிகப் பிரபலமான கதை. திருக்கோஷ்டியூரில் குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைக் கோபுரத்தின் மேலேறி ஊருக்கே சொன்னார் என்பார்கள். அவர் காலத்துக்குப் பிறகு அவர் வழி வந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தபோது, அந்தப் பிரிவுக்கு அடையாளமாக ஒட்டிக்கொண்டவை இரண்டு மிருகங்கள்: குரங்கும் பூனையும்.

குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடி விட்டால் விழும். பூனைக்குட்டி எதையும் பிடிப்பதில்லை, தாய்தான் வாயால் கவ்வித் தூக்கிப் போகிறது. வடகலையார் மனிதன் பக்கமிருந்தும் ஒரு முயற்சி, ஒரு வியாஜமாவது வேண்டும் என்றார்கள், குரங்கு. தென்கலையார் பகவானின் கிருபைக்குக் காரணம் தேட வேண்டாம் என்றார்கள், பூனை. மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம். தென்கலைக்கு ஆதாரமான ஸ்ரீவசன பூஷணத்தை எழுதியவர் பிள்ளை லோகாசாரியார். அந்தப் பக்கம் வேதாந்த தேசிகர், 1268இல் பிறந்தவர், ஊர் காஞ்சிபுரத்துத் தூப்புல். மேற்கு ரோட்டில் போனால் வந்துவிடும். இந்தச் சண்டையின் வேதாந்த நுணுக்கங்களுக்குள் நான் போகப் போவதில்லை, அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பூனை போதும்.

ஏனென்றால் யாரோ பூனையை உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள். தாய் பிடரியைக் கவ்வியதும் குட்டி காலை மடக்கிக்கொண்டு, உடம்பைத் தளர்த்தி, அசையாமல் தொங்கும். திமிறினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. உயிரியல் இதை ஓர் அனிச்சைச் செயல் என்கிறது. பார்க்கிறவனுக்கு அது சும்மா இருப்பது. எதிர்த்தரப்பு பூனை வழியைக் குறை சொன்னதும் இதை வைத்துத்தான்: அப்படியென்றால் மனுஷன் ஒன்றுமே செய்ய வேண்டாமா? தென்கலை மரபு இதைத் திருப்பிப் போட்டது. அசையாமல் இருப்பதை அவர்கள் சோம்பேறித்தனமாகவோ வேஷமாகவோ படிக்கவில்லை, நம்பிக்கையாகப் படித்தார்கள். மாமல்லபுரத்துப் பூனைக்கும் இந்தப் பூனைக்கும் நடுவில் ஒரு பஸ் பயணம்தான். இரண்டு இடத்திலும் பூனை பேசவில்லை. படித்தவர்கள்தான் வேறு.

இதே சண்டை இருபதாம் நூற்றாண்டில் ஆய்வுக்கூடத்துக்குள்ளும் நடந்தது. பூனைப் புத்தகங்களின் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

எட்வின் கத்ரி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர். ஜார்ஜ் ஹார்ட்டன் என்பவரோடு சேர்ந்து 1946இல் புதிர்ப் பெட்டிக்குள் பூனைகள் பற்றி ஒரு சிறிய புத்தகம் போட்டார். கண்ணாடி முகப்பு வைத்த பெட்டி, நடுவில் ஒரு கம்பம். பூனை கம்பத்தைச் சாய்த்தால் கதவு திறக்கும், அந்த நொடியில் கேமரா படமெடுக்கும். ஏறத்தாழ 800 தடவை பூனைகள் தப்பிப்பதைப் பார்த்தார்கள். ஒவ்வொரு பூனையும் தனக்கென்று ஒரு பாணி வைத்திருந்தது. கம்பத்தின் மேல் உடம்பைத் தேய்த்து, முதுகை வளைத்து, வாலைத் தூக்கி, திரும்பத் திரும்ப அதே மாதிரி. கத்ரி முடிவெடுத்தார்: பூனை யோசிப்பதில்லை, முதல் தடவை எந்த அசைவு கதவைத் திறந்ததோ அதையே எந்திரம் போலத் திருப்பிச் செய்கிறது. கோட்பாட்டுக்குக் கச்சிதமான சான்று, பாடப்புத்தகங்களிலும் ஏறியது.

33 வருஷம் கழித்து, 1979இல், புரூஸ் மூரும் சூசன் ஸ்டட்டர்டும் சயின்ஸ் இதழில் இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார்கள். அதே மாதிரிப் பெட்டி. ஆனால் கதவும் இல்லை, பரிசும் இல்லை, கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. ஒரே வித்தியாசம், சில நேரம் பூனையின் கண்ணில் படும்படி ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார், சில நேரம் இருக்க மாட்டார். ஆள் இருந்தால் பூனை கம்பத்தில் தேய்த்தது. ஆள் இல்லாவிட்டால் தேய்க்கவில்லை. பூனை வளர்த்த எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்: அது உன்னைப் பார்த்து வாங்க என்று சொல்கிறது. காலில் உரசுவதற்கு வழியில்லை, நடுவில் கண்ணாடி, அதனால் கம்பத்தில் உரசுகிறது. கத்ரியை 800 தடவை பூனைகள் வரவேற்றிருக்கின்றன. அவர் 800 தடவையும் அதை எந்திரம் என்று குறித்துக்கொண்டார். அறையில் தானும் இருக்கிறோம் என்பது அவர் நோட்டில் ஏறவே இல்லை.

மனிதர்கள் பக்கம் கதை கார்ல் யுங்கிலிருந்து தொடங்கும். 1921இல் வந்த உளவியல் வகைகள் பற்றிய புத்தகத்தில்தான் உள்முகம், வெளிமுகம் என்ற பிரிவு பரவலாகத் தெரியவந்தது. யுங் இதை நோயாகச் சொல்லவில்லை, மனசின் ஆற்றல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதாகத்தான் சொன்னார். பிறகு ஐசென்க் இதை மூளையின் கிளர்ச்சி நிலையோடு இணைத்தார். 1989இல் ஹார்வர்டில் ஜெரோம் கேகன் நாலு மாசக் குழந்தைகள் சுமார் 500 பேரை வைத்து நீண்ட ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். பலூனை உடைத்தார்கள், கண் முன்னால் பொம்மைகளை ஆட்டினார்கள், ஆல்கஹால் நனைத்த பஞ்சை மூக்கருகே காட்டினார்கள். ஐந்தில் ஒரு குழந்தை காலைக் கையை உதறி அழுதது. வளர்ந்து அமைதியான, யோசித்துப் பழகுகிற பிள்ளைகளாக ஆகும் வாய்ப்பு எந்தக் குழந்தைகளுக்கு அதிகம் தெரியுமா? அழுதவர்களுக்கு. வெளியே அமைதியாகத் தெரிகிறவர்கள் பலர் உள்ளே மற்றவர்களைவிட அதிகமாக வாங்கிக்கொள்கிறவர்கள். கேகனின் ஆய்வை விளக்கும்போது டேனியல் கோல்மன் 1995இல் எழுதிய தன் பிரபலமான புத்தகத்தில் வீட்டுப் பூனைகளையும் இழுக்கிறார்: ஏழில் ஒரு பூனை புதியதைக் கண்டால் இதே மாதிரிப் பின்வாங்குமாம்.

2012இல் சூசன் கெய்ன் எழுதிய 'கொயட்' வந்தது. அடுத்த வருஷமே ஜான் பிராட்ஷா எழுதிய 'கேட் சென்ஸ்'. ஒன்று பேசாதவர்களுக்கு வக்காலத்து, மற்றது பூனைகளுக்கு. நாயைக் கூட்டாளியாக வளர்த்தெடுத்தோம், பூனையோ தானியக் களஞ்சியத்து எலிக்காகத் தானே வந்து சேர்ந்தது, தனியாக வேட்டையாடிய மூதாதையின் உடம்பு அதற்கு, நாயின் முகபாவத்தை அதனிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம் நமக்குத்தான் என்பது பிராட்ஷா கட்சி. பூனையும் இன்ட்ரோவெர்ட்டும் ஒன்று என்று இவர்கள் யாரும் எழுதவில்லை. அது டீ-ஷர்ட் போட்டு விற்கிறவர்கள் செய்த வேலை. பூனைக்கு ஏகாந்தம் தத்துவம் கிடையாது, சாப்பாட்டு வழி. மனிதர்களிலும் உள்முகம் வேறு, கூச்சம் வேறு. கெய்ன் சில இடங்களில் இரண்டையும் குழப்புகிறார் என்றே எனக்குப் படுகிறது.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று எனக்குண்டு. கெய்ன் பேசுவது ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் மாணவர்களையும் வக்கீல்களையும் பற்றி. அவர்களுக்கு வீட்டுக்குப் போனால் சாத்திக்கொள்ளத் தனி அறை இருக்கிறது. நம் பக்கத்துக்கு இதைக் கொண்டுவரும்போது இன்னும் ஒன்றிரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சபையில் பேசத் தெரிந்தவனுக்கே மதிப்பு என்பதை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்ததாக நினைக்க வேண்டாம். வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவையறிதலுக்கு ஓர் அதிகாரம், அவை அஞ்சாமைக்கு இன்னொரு அதிகாரம் வைத்திருக்கிறார். கற்றும் சபைக்குப் பயப்படுகிறவனை அவர் திட்டுகிற திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்த அதிகாரங்கள் இருப்பது அமைச்சியலில். அது மந்திரி வேலைக்கான தகுதிப் பட்டியல். ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் டிப்ளமோ பையனை வட்டமாக உட்கார வைத்து குரூப் டிஸ்கஷன் நடத்துகிறவர்கள், வெல்டிங் லைனுக்கு மந்திரியைத் தேடுகிறார்கள். எட்டு பேரில் இரண்டு பேர் கத்துவார்கள், மூன்று பேர் தலையாட்டுவார்கள், மீதி மூன்று பேர் தோற்றுப்போவார்கள்.

லைனுக்குள் போனபிறகு நியாயம் தலைகீழாகிவிடும். அங்கே பேசாதவர்தான் நல்ல தொழிலாளி. 2006இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தத் தடத்தின் மின்னணு ஆலைகளில் கிராமத்திலிருந்து வரும் இளம்பெண்களுக்குத்தான் கிராக்கி. விரல் நுணுக்கம் என்று காரணம் சொல்வார்கள். வாயில்லாப் பூச்சிகள் என்ற கணக்கும் அதில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். 2021 டிசம்பரில் ஐபோன் தொகுக்கும் ஆலையின் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலர் செத்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. அதே வாயில்லாப் பூச்சிகள் ராத்திரியோடு ராத்திரியாக சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய மௌனத்தைச் சுபாவம் என்று எழுதி வைத்திருந்தவர்கள் கத்ரி செய்ததையே செய்திருந்தார்கள். எதிரில் சூப்பர்வைசர் நிற்கும்போது பார்த்ததை, அவர் இல்லாதபோதும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எல்லா மௌனத்துக்கும் பின்னால் அடக்குமுறை இருக்கிறது என்று தொழிற்சங்க நண்பர்கள் சொல்லும்போது நான் முழுசாக ஒத்துக்கொள்வதில்லை. ஒடிசாவிலிருந்து வந்த பையன் பாஷை தெரியாமல் பேசாமலிருப்பான். பக்கத்தில் உள்ளூர்ப் பையன் சும்மாவே பேசாமலிருப்பான், அவன் அப்படித்தான், அவனுக்கு அது பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரித்துப் பார்க்க நேரம் வேண்டும், ஷிஃப்டில் அந்த நேரத்துக்கு இடமில்லை.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண்கள் விடுதி திறக்கப்பட்டது. 13 கட்டடங்கள், 18,720 படுக்கைகள், அறைக்கு 6 பேர். பழைய வாடகை வீடுகளின் நெரிசலைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பது தெரியும், குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனாலும் எட்டு மணி நேரம் லைன், போக வர கம்பெனி பஸ், திரும்பி வந்தால் ஆறு பேர். கேகனின் கணக்கை அப்படியே இங்கே போடக்கூடாதுதான். போட்டால் ஓர் அறைக்கு ஒருத்தியாவது வருகிறாள், சத்தத்தை மற்றவர்களைவிட அதிகமாக வாங்கிக்கொள்கிறவள். அவளுக்கு அந்த அறையில் பெயர் வைத்திருப்பார்கள். அமுக்குளி, அழுத்தக்காரி. வேறொரு வாடகை விடுதியில் தங்கியிருந்த, தெரிந்த பெண் ஒருத்தி சொன்னாள்: "காதுல இயர்போன் மாட்டிக்குவேண்ணா. பாட்டெல்லாம் ஓடாது. மாட்டியிருந்தா யாரும் பேச வரமாட்டாங்க."

ஜப்பானில் அட்சுகோ சைட்டோ என்ற ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. 20 வீட்டுப் பூனைகள். அவற்றின் வீட்டிலேயே, ஆள் கண்ணில் படாமல், பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்களை ஒலிப்பதிவில் போட்டுக் காட்டினார்கள். மூன்று அந்நியர்கள், பிறகு வளர்ப்பவர், மறுபடி ஓர் அந்நியர். அந்நியர் குரலுக்குப் பூனைகள் மெல்ல மெல்ல ஆர்வம் இழந்தன. வளர்ப்பவர் குரல் வந்ததும் காது திரும்பியது, தலை அசைந்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. எழுந்து மட்டும் வரவில்லை, பெரும்பாலும் ஒரு மியாவ் கூடச் சொல்லவில்லை. அறைக்கு வெளியே நின்று கூப்பிட்டவர், அது காதில் விழவே இல்லை என்றுதான் நினைத்திருப்பார்.